ஊட்டத்தூர்க் கடலில் நீந்தியது எது?

ஊட்டத்தூர் என்றால் திருச்சிப் பக்கத்தவர்களுக்குச் சிவன் கோயில் நினைவுக்கு வரும். புவியியல் படித்தவர்களுக்கு அது ஒரு கடலின் பெயர். ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1862-இல் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக எழுதியபோது, அவற்றை அடியிலிருந்து மேலாக மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அந்தப் பிரிப்பு பல திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது. அதே துறையில் பணியாற்றிய ரிச்சர்டு லைடெக்கர் 1879-இல், ஊட்டத்தூர்த் தொகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளைப் பார்த்து, அவற்றுக்கு உரிய விலங்குக்கு ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு கடல் ஊர்வன அறிவியல் ஏட்டில் ஏறியது இப்படித்தான்.

பெயர் ஏறி ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தப் பெயருக்கு உரிய விலங்கு எது என்பது இன்னும் முடிவாகவில்லை. எலும்பைப் பார்த்தால் இக்தியோசார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்த இக்தியோசார் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இக்தியோசார்களை நம் நாளிதழ்கள் ‘கடல் டைனோசர்’ என்று எழுதுகின்றன. அவை டைனோசர்கள் அல்ல. தரையில் வாழ்ந்த ஏதோ ஓர் ஊர்வன வழியில் பிறந்து, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் இறங்கி, மீன் வடிவம் எடுத்த தனிக் கிளை அவை. கால்கள் துடுப்புகளாயின, வால் பிறை வடிவில் விரிந்தது, முகம் நீண்டு கூர்ந்தது. ஆனாலும் காற்றை மூச்சாக இழுக்கத் தலையை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். முட்டையிடக் கரைக்கு வர முடியாத உடம்பு என்பதால் கடலிலேயே குட்டி போட்டன. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜெர்மனியில் கிடைத்த ஓர் இக்தியோசாரின் தோலடியில் திமிங்கிலத்துக்கு உள்ளதைப் போன்ற கொழுப்புப் படலத்தின் தடத்தைக் காட்டியது. ஊர்வன என்றாலும் உடம்பு வெதுவெதுப்பாக இருந்திருக்கலாம் என்று அதிலிருந்து கருதுகிறார்கள்.

லைடெக்கர் கொடுத்த ‘இக்தியோசாரஸ்’ என்பது 1821-இல் இங்கிலாந்தில் பிறந்த பேரினப் பெயர். லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் மேரி ஆனிங்கும் அவர் அண்ணனும் எடுத்த எலும்புக்கூடுகள்தான் இக்தியோசார்களை உலகறியச் செய்தவை. இன்று அந்தப் பேரினத்தை ஜுராசிக் காலத்தின் தொடக்கத்துக்கு உரியதாக வரையறுத்திருக்கிறார்கள். அதாவது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள். ஊட்டத்தூர்ப் பாறையோ 10 கோடி ஆண்டுகளை ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, டைனோசர்கள் அழிந்தது முதல் இன்றுவரை ஆன காலத்தைவிட நீளமானது. லைடெக்கரைக் குறை சொல்ல இதில் ஏதுமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் எங்கே எந்தக் காலத்து இக்தியோசார் கிடைத்தாலும் அந்த ஒரே பெயரின் கீழ் சேர்ப்பதுதான் வழக்கமாக இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் இந்த எலும்புகள் வேறொரு பேரினத்துக்குக் குடிபெயர்ந்தன. 1922-இல் ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் ஃபான் ஹியூனே, கிரெட்டேசியக் கால இக்தியோசார் ஒன்றின் அகன்ற துடுப்பைப் பார்த்து ‘பிளாட்டிப்டெரிஜியஸ்’ என்ற பேரினத்தை உருவாக்கினார். இதன் முன்துடுப்பு ஒரு வியப்பு. நமக்குக் கையில் ஐந்து விரல். இதற்குச் சில இனங்களில் எட்டு, ஒன்பது, அதற்கு மேலும் விரல் வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் சதுரமும் நீள்சதுரமுமான எலும்புகள் இடைவெளியில்லாமல் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஏழு மீட்டர் வரை வளர்ந்த உடம்பைத் திருப்பவும் நிறுத்தவும் இந்தத் துடுப்புதான் உதவியது. 1972-இல் கிறிஸ்டஃபர் மக்கோவன் கிரெட்டேசிய இக்தியோசார்களை மறுபரிசீலனை செய்தபோது அவற்றை இந்த ஒரே பேரினத்தின் கீழ் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா, தென்னமெரிக்கா என எங்கே கிடைத்தாலும் பிளாட்டிப்டெரிஜியஸ். ஊட்டத்தூர்க்காரரும் ‘பிளாட்டிப்டெரிஜியஸ் இண்டிகஸ்’ ஆனார்.

அதன் பிறகு அந்தப் பெருங்குடும்பம் பாகம் பிரிய ஆரம்பித்தது. பிரிட்டனின் காம்பிலோடான் இனம் ‘பெர்வுஷோவிசாரஸ்’ என்ற வேறு பேரினத்துக்குப் போனது. கொலம்பியாவின் சாச்சிகாரம் இனத்துக்கு 2021-இல் ‘கிஹிடிசூக்கா’ என்ற தனிப் பேரினமே கிடைத்தது. பிளாட்டிப்டெரிஜியஸ் என்பது கண்டதையெல்லாம் போட்டு வைத்த கூடை என்று பல ஆய்வாளர்கள் இப்போது வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். கூடையைக் கொட்டிப் பிரிக்கும்போது ஒவ்வொன்றும் தன் துடுப்பையும் மண்டையோட்டையும் பல்லின் அடியையும் காட்டித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இண்டிகஸ் காட்ட என்ன இருக்கிறது? முள்ளெலும்புகள்.

இக்தியோசார் முள்ளெலும்பு இருபுறமும் குழிந்த தட்டை வட்டு. கண்டவுடன் இக்தியோசார் என்று சொல்லிவிடலாம். அதுவே அதன் பலவீனமும் ஆகிறது. ஒரே விலங்கின் கழுத்து முள்ளெலும்புக்கும் வால் முள்ளெலும்புக்கும் உள்ள வேறுபாடு சில நேரங்களில் இரு பேரினங்களின் ஒரே இடத்து முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ளதைவிட அதிகம். அதனால்தான் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் ‘இண்டிகஸ்’ என்பதை ஐயத்துக்குரிய பெயர் என்று ஒதுக்குகிறார்கள். விலங்கு இருந்தது உண்மை. அதைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் சான்று அந்தப் பெயருக்குரிய எலும்பில் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்கு இந்த வழக்கை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தன்று புத்தூருக்கு வந்த கிழவர், நீ என் அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படிதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். ஊர்ச் சபை கூடுகிறது. சபையார் கிழவரின் வாய்ச்சொல்லையும் நம்பவில்லை, சுந்தரரின் மறுப்பையும் நம்பவில்லை. மூல ஓலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறு ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். விலங்கியலில் ஒவ்வோர் இனப் பெயருக்கும் இப்படி ஒரு மூல மாதிரி உண்டு. பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரே மாதிரியோடுதான். புதிதாக ஓர் எலும்பு கிடைத்தால் மூல மாதிரியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மூல மாதிரியிலேயே எழுத்து தேய்ந்திருந்தால் சபை என்ன செய்ய முடியும்?

தமிழ்நாட்டுத் தொல்லுயிர் வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் சிக்கி நிற்கின்றன என்பது என் எண்ணம். நம்மிடம் கடலுக்குக் குறைவில்லை, பாறைக்கும் குறைவில்லை. ஒத்துப் பார்க்கத் தகுந்த எலும்புதான் குறைவு.

இதற்கு இன்னும் காரமான எடுத்துக்காட்டு ‘திராவிடோசாரஸ்’. 1979-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைத்த எலும்புகளைத் தகடு தாங்கிய ஸ்டெகோசார் வகை டைனோசர் என்று விவரித்து, ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பாறை 9 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவானது. மற்ற இடங்களில் ஸ்டெகோசார்களின் தடம் அதற்கு வெகு முன்னரே தேய்ந்துவிட்டது. ஆகவே தென்னிந்தியாவில் மட்டும் அவை கடைசிவரை ஒதுங்கி வாழ்ந்தன என்ற கதை உருவாகி, பாடநூல்களிலும் சிறுவர் கலைக்களஞ்சியங்களிலும் இடம்பிடித்தது. 1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் இதை மறுத்தார்கள். இடத்துக்குப் போய்ப் பார்த்ததாகவும், அங்கே கிடப்பவை கடலில் வாழ்ந்த துடுப்புக் கால் ஊர்வனவான பிளீசியோசாரின் எலும்புகள் என்றும், திராவிடோசாரஸ் என்று சொல்லப்படுவதும் காற்றிலும் மழையிலும் தேய்ந்த பிளீசியோசாரின் இடுப்பு, பின்கால் எலும்புகளே என்றும் எழுதினார்கள். மண்டையோடும் தகடும் என்று விவரிக்கப்பட்டவை பிளீசியோசாருக்குப் பொருந்தாது என்று இதற்கும் மறுப்பு வந்தது.

காலமும் இடமும் பிளீசியோசார் பக்கம் சாய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாறை கடலில் படிந்தது. சுற்றிலும் சுருள் ஓட்டுக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கிடக்கின்றன. பிளீசியோசார்கள் கிரெட்டேசியத்தின் இறுதிவரை, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, உலகக் கடல்களில் இருந்தன. ஆனால் சாய்வு தீர்ப்பாகாது. தரை விலங்கின் பிணம் ஆற்றில் மிதந்து கடலுக்குள் போய்ப் புதைவது உலகெங்கும் நடந்திருக்கிறது. மூல மாதிரியை இரு தரப்பும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2017-இல் பீட்டர் கால்ட்டனும் அதே அய்யாசாமியும் சேர்ந்து, அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்து ஸ்டெகோசார் தகடு எனக் கருதப்பட்டிருந்த ஓர் எலும்பை மறுபடி ஆராய்ந்து, அது தகடே அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். மூத்த ஆய்வாளர் ஒருவர் தன் துறையின் பழைய அடையாளத்தைத் தானே மறு ஆய்வுக்கு உட்படுத்துவது நம் ஊரில் அடிக்கடி காணக்கிடைக்காதது.

கல்லமேட்டின் ‘பிருகத்காயோசாரஸ்’ கதை இன்னும் மோசம். இரண்டு மீட்டர் நீளக் கால் எலும்பு. உலகின் மிகப் பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற பேச்சு. எலும்பு உதிரும் தன்மையது. அது முழுமையாகக் காப்பாற்றப்படும் முன்பே நொறுங்கிப்போனது. இப்போது மிஞ்சியிருப்பது வரைபடமும் சில ஒளிப்படங்களும். அதே கல்லமேட்டில் கிடைத்த ஆமையைப் பாருங்கள். கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் வகை. 2001-இல் கேஃப்னி, சாட்டர்ஜி, ருத்ரா மூவரும் ‘கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். நல்ல மண்டையோடு இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயரை அசைக்க யாரும் வரவில்லை. பெரிய விலங்கின் பெயர் காற்றில் ஆட, சிறிய ஆமையின் பெயர் உறுதியாக நிற்கிறது.

இனி விழுப்புரத்துக்காரர்கள் கேட்கும் கேள்வி. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இவ்வளவு மரம் இருந்தால் இங்கே டைனோசரும் கடல் பூதங்களும் இல்லாமலா போகும் என்கிறார்கள். திருவக்கரை மரங்கள் கடலூர் மணற்கல்லில் உள்ளவை; ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயது என்று சொல்லப்படுகிறது. பெருங்கடல் ஊர்வன அழிந்து 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு வளர்ந்த காடு அது. அங்கே தேடிப் பயனில்லை. திருவெண்ணெய்நல்லூரிலும் பயனில்லை. பெண்ணையாற்று வண்டலுக்குக் கீழே இருப்பது, திண்டிவனம் வரை ஜல்லிக்கும் கற்பலகைக்கும் உடைக்கிறார்களே, அந்தப் பழம்பாறையின் உறவு. உயிர்களுக்கு எலும்பே தோன்றாத காலத்தில் உருவானது. 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. கிரெட்டேசியக் காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கு மேற்கே உள்ள தரை.

கிழக்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் போனால் கதை மாறுகிறது. வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர், மேட்டுவெளி என்று புதுச்சேரி எல்லையைத் தழுவிக் கிடக்கும் ஊர்களின் வயல்களுக்கு அடியில் உண்மையான கிரெட்டேசியக் கடல் இருக்கிறது. 1840-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கேயும் அவர் நண்பர் கன்லிஃபும் இங்கே சேகரித்த கிளிஞ்சல்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்கள் இந்திரா, பிரம்மா, விஷ்ணு, வருணா, சூர்யா. கேம்பிரிட்ஜிலும் வியன்னாவிலும் உள்ள அறிஞர்கள் தேவலோகமே திரண்டு வழுதாவூரில் குடியிருந்ததாக எண்ணியிருக்க வேண்டும். மீன், சுறாப் பற்களை பிலிப் கிரே எகர்ட்டன் தனியே விவரித்தார்.

அப்படியானால் வழுதாவூரில் இக்தியோசார் கிடைக்குமா? கிடைக்காது. இதைத் துணிந்து சொல்லலாம், காரணம் காலம். வழுதாவூர்ப் பாறைகள் கிரெட்டேசியத்தின் கடைசிப் பகுதிக்கு உரியவை. 8 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்குள் அடங்குபவை. இக்தியோசார்களோ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உலகெங்கும் அற்றுப்போயின. டைனோசர்களை அழித்த விண்கல்லுக்கும் இவற்றின் முடிவுக்கும் தொடர்பில்லை. வழுதாவூரில் எலும்பு தேடுகிறவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியவை பிளீசியோசாரும், இக்தியோசார்கள் விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்த மோசசாரும்தான். உடும்புக்கும் பாம்புக்கும் உறவான பெருங்கடற் பல்லி மோசசார்.

இக்தியோசார்கள் ஏன் அழிந்தன என்பதிலும் பழைய விடை தளர்ந்துவிட்டது. சுறாக்களோடு போட்டியிட முடியாமல் மெல்லத் தேய்ந்தன, கிரெட்டேசியத்தில் ஒரே பேரினம்தான் மிஞ்சியிருந்தது என்பார்கள். அந்த ‘ஒரே பேரினம்’ நாம் மேலே பார்த்த கூடை. கூடையைப் பிரித்ததும் படம் தலைகீழானது. பெல்ஜியத்தின் வாலென்டின் ஃபிஷரும் உடனிருந்தவர்களும் 2016-இல் காட்டியபடி, கிரெட்டேசியத்தின் நடுப்பகுதி வரை இக்தியோசார்கள் பலவகை உணவும் பலவகை உடம்புமாகப் பெருகியே இருந்தன. பிறகு, ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த செனோமேனியன் காலத்துக்குள் இரண்டு தவணைகளில் விழுந்தன. கடல் மட்டமும் வெப்பமும் கடுமையாக ஏறியிறங்கிய காலம் அது. அதன் இறுதியில் உலகக் கடல்களின் ஆழ்நீரில் உயிர்வளி பெருமளவில் வற்றியது. புதிய வடிவங்கள் தோன்றும் வேகம் குறைந்திருந்ததால் அடி தாங்க முடியவில்லை என்பது அவர்கள் கணிப்பு.

ஊட்டத்தூர்க் கடலின் மதிப்பு இங்கேதான் புரிகிறது. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டிய செம்மஞ்சள் ஓடைக்காடு, ஜிப்சம் நரம்புகள் பளபளக்கும் அந்தக் களிமண் மேடுகள், இந்த வீழ்ச்சிக்கு முந்திய ஆண்டுகளையும் வீழ்ச்சியின் ஆண்டுகளையும் அடுக்கடுக்காகச் சேர்த்து வைத்திருக்கின்றன. அன்று இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகு தொலைவில் இருந்தது. அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் பிரிந்து வந்துகொண்டிருந்தது. மடகாஸ்கர் இன்னும் ஒட்டியிருந்தது. வட அரைக்கோளத்து இக்தியோசார்களைப் பற்றித் தெரிந்த அளவுக்குத் தென் அரைக்கோளத்தில் தெரியாது. ஆஸ்திரேலியா பெரிய விதிவிலக்கு. குயின்ஸ்லாந்தில் கிடைத்த ஒரு பிளாட்டிப்டெரிஜியஸின் வயிற்றுக்குள் ஆமைக் குஞ்சுகளும் ஒரு பறவையின் எலும்பும் இருந்ததை 2003-இல் கீரும் உடனாய்வாளர்களும் வெளியிட்டார்கள். கருவில் குட்டியோடு கிடந்த தாயையும் அவர்கள் ஊர் தந்திருக்கிறது. நம் ஊட்டத்தூர் விலங்கு அவர்களுடைய விலங்கின் உடன்பிறப்பா, தூரத்து உறவா என்று தெரிந்தால், அன்றைய தென்கடலில் யார் யார் எங்கே போய்வந்தார்கள் என்பது துலங்கும்.

2011-இல் அண்டர்வுட், கோஸ்வாமி, பிரசாத், வர்மா, ஃபிளின் ஆகியோர் காரைப் படிவுகளைச் சலித்தெடுத்து, சுறாப் பற்களோடு இக்தியோசார் எச்சங்களையும் விவரித்தார்கள். புதிய சுறா ஒன்றுக்குத் தென்னிந்தியாவை நினைவுகூரும் ‘சுட்இண்டிகஸ்’ என்ற பெயரும் வந்தது. காரைக்குப் போனவர்கள் தோட்டாவைப் போன்ற பெலெம்னைட்டுகள் காலில் இடறுவதைப் பார்த்திருப்பார்கள். கணவாயின் உறவான அந்த உயிர்கள் இக்தியோசார்களின் சாப்பாடு. இரை இருந்தது, போட்டிக்குச் சுறா இருந்தது, வேட்டையாடியும் இருந்தது. துடுப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

குஜராத்தில் வந்தது. கட்ச் மாவட்டம் லோடாய் கிராமத்துக்குத் தெற்கே, ஜுராசிக் பாறையில், மூட்டுகள் கலையாமல் கிடந்த ஓர் இக்தியோசாரை டெல்லி பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி பிரசாத்தும் இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்களும் 2017-இல் விவரித்தார்கள். 5 முதல் 5.5 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அத்தனை எலும்பு கையில் இருந்தும் புதிய பேரினம் என்று அறிவிக்கவில்லை. ஆஃப்தால்மோசாரிடே குடும்பம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். நான்கு முள்ளெலும்பு கிடைத்தால் நாட்டின் பெயரைச் சூட்டிய காலம் போய், ஏறத்தாழ முழு உடம்பு கிடைத்தும் அடக்கம் காட்டும் காலம் வந்திருக்கிறது. இது முன்னேற்றம்தான்.

பொதுமக்களிடம் வேகம் இன்னும் குறையவில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டக் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று ஊர் திரண்டது. அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த கல்லுருண்டைகள் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாரணவாசியில் அரியலூர்ப் புதைபடிவங்களுக்கென அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டம் அங்கேயும் போகட்டும்.

காரையின் களிமண் இளகியது. ஒரு வடகிழக்குப் பருவமழை வெளிக்கொண்டுவரும் எலும்பை அடுத்த பருவமழை கரைத்துவிடும். ஆகையால் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில்தான் அந்த ஓடைகளில் ஆள் நடமாட்டம் வேண்டும்; சுற்றுலாப் பைகளில் பெலெம்னைட்டை அள்ளிப்போகிறவர்கள் நடமாட்டம் அல்ல. வட்டு வடிவ முள்ளெலும்பு ஒன்று கண்ணில் பட்டால் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதில் பயனில்லை. இடத்தைக் குறித்து, படம் எடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ ஆய்வுத் துறைக்கோ சொல்ல வேண்டும். அவர்கள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சரிவின் கீழே வழிந்து கிடக்கும் மண்ணைச் சலிப்பது. பிளாட்டிப்டெரிஜியஸ் துடுப்பின் சதுர எலும்புகள் விரல் நக அளவிலிருந்து உள்ளங்கை அளவுவரை இருக்கும். கூழாங்கல் என்று எளிதில் கண்ணைத் தாண்டிவிடும்.